யாரால்? எதனால்?



பழவேற்காட்டு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது என்பதை நிலநூலில் படித்திருப்பீர்கள். அதன் கரையிலுள்ள குப்பங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு ஏரி கற்பிக்கும் முதற்பாடம் வேறு. ஒரே நாளில், ஒரே நீரில், ஒரே வகை வலையை இட்ட இருவருள் ஒருவனுக்கு வலை கொள்ளாத இறால் கிடைக்கும்; மற்றவனுக்குப் பாசியும் சேறுமே மிஞ்சும். உழைப்பு ஒன்றாக இருக்கப் பலன் வேறாகும் தொழில்களுள் மீன்பிடித் தொழிலே தலையாயது. வெறுங்கையுடன் கரையேறுகின்றவன் நெஞ்சில் இரண்டு வினாக்கள் எழக்கூடும். ஒன்று, 'இது எதனால் நேர்ந்தது?' என்பது. மற்றொன்று, 'இது யாரால் நேர்ந்தது?' என்பது.

முதல் வினா நீரோட்டத்தையும், உப்பின் அளவையும், முகத்துவாரம் மணல் மூடிக் கிடப்பதையும் ஆராயத் தூண்டும். இரண்டாம் வினாவோ அக்கம்பக்கத்து வீடுகளை நோக்கித் திரும்பும். கண்ணேறு, ஏவல், பில்லி, சூனியம், செய்வினை என இத்தனை சொற்கள் நம் மொழியில் வழங்குவதே, இரண்டாம் வினா நமக்கும் அயலானதன்று என்பதற்குச் சான்று. மனத்தளவில் நிற்கும்வரை அவ்வச்சம் ஒரு மயக்கம் மட்டுமே. அவ்வச்சத்துக்கு ஒரு பெயரும், ஒரு சோதனையும், தண்டனை நிறைவேற்றும் ஓர் அதிகாரமும் வாய்த்துவிட்டால் அது கொலையாகின்றது. அங்ஙனம் கொலையாக முதிர்ந்த வரலாற்றையே 'சூனியக்காரி வேட்டை' என்பர். அது நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் எக்காரணங்களால் எழுந்தது, எவ்வாறு நடந்தது, எங்ஙனம் அடங்கியது அல்லது அடங்காது நின்றது என்பதை இவ்வுரையில் காண்போம்.

முதலில் நம் நாட்டு நிகழ்ச்சி. இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்தைச் சேர்ந்த சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் ராம்கர் என்னும் பகுதி உள்ளது. 1792-ஆம் ஆண்டில் அங்கே ஐந்து பெண்களைக் கொன்ற குற்றத்துக்காகச் சந்தால் குடியினர் மூவர் தண்டிக்கப்பெற்றனர். பின்னாளில் கவர்னர் ஜெனரலாக விளங்கிய சர் ஜான் ஷோர் இவ்வழக்கின் செய்தியைக் கல்கத்தாவின் ஆசியக் கழக வெளியீட்டில் எழுதி வைத்தார். குற்றவாளிகள் கொலையை மறைக்கவில்லை. அப்பெண்கள் சூனியக்காரிகள் என்பது முறைப்படி சோதித்து அறியப்பட்டது என்பதே அவர்கள் கூறிய விடை.

அச்சோதனைகள் யாவை? ஊரிலுள்ள பன்னிரண்டு வயது நிரம்பிய பெண்கள் ஒவ்வொருவர் பெயராலும் ஒரு சால மரக்கிளையை நீரில் நட்டு வைப்பார்கள். எவள் கிளை வாடுகின்றதோ அவள் சூனியக்காரி. இரண்டாவது, ஒவ்வொருத்தி பெயராலும் சிறிது அரிசியைத் துணியில் முடிந்து கறையான் புற்றில் வைப்பார்கள். எந்த முடிப்பைக் கறையான் தின்கின்றதோ அதற்குரியவள் சூனியக்காரி. மூன்றாவது, இரவில் விளக்கேற்றி, இலைத் தொன்னையில் நீர் வார்த்து, பெண்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கடுகெண்ணெயைத் துளித்துளியாக விடுவார்கள். யாருடைய பெயரைச் சொல்லும்போது நீரில் ஒரு பெண்ணின் நிழல் தோன்றுகின்றதோ, அவளே குற்றவாளி.

மாணவர்களே, இச்சோதனைகளைக் கேட்டு நகைப்பது எளிது. நகைப்பதற்கு முன் இவற்றின் அமைப்பை நோக்குங்கள். வெட்டி நட்ட கிளைகளுள் ஏதேனும் ஒன்று முதலில் வாடியே தீரும். புற்றில் வைத்த முடிப்புகளுள் ஒன்றைக் கறையான் தின்றே தீரும். 'இவ்வூரில் சூனியக்காரி இருக்கின்றாளா?' என்று இச்சோதனை கேட்பதே இல்லை. இருக்கின்றாள் என்று முன்னரே முடிவு கட்டிவிட்டு, 'அவள் எவள்?' என்று மட்டுமே கேட்கின்றது. குற்றமற்றவர் என எல்லாரையும் விடுவிக்கும் வழி அதில் அடைக்கப்பட்டிருக்கின்றது. எந்நாட்டுச் சூனியக்காரி வேட்டையை ஆராய்ந்தாலும், விடுவிக்க வழியில்லாத இத்தகைய சோதனை ஒன்றை அதன் நடுவே காண்போம்.

இது காட்டுவாழ் மக்களின் அறியாமை என்று கருதிவிடலாகாது. அவ்வாறு கருதுவோர் இங்கிலாந்தின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதிய நாட்டில், பல்கலைக்கழகங்கள் பல நூற்றாண்டு விளங்கிய நாட்டில், சூனியம் செய்தல் 1563-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1604-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் அச்சட்டம் இன்னும் கடுமையாக்கப்பட்டது. 1563-ஆம் ஆண்டுக்கும் 1736-ஆம் ஆண்டுக்கும் இடையே இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் இக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அப்பெண்களுள்ளும் முதியோரும் வறியோருமே மிகுதி.

இவற்றுள் மிகக் கொடிய வேட்டை 1645 முதல் 1647 வரை நடந்தது. அதன் களம் இங்கிலாந்தின் கிழக்குக் கரை. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ஸ்டோர் ஆற்றின் கழிமுகத்தில் மானிங்ட்ரீ என்னும் சிற்றூர் உண்டு. சதுப்பும் கழிமுகமும் சூழ்ந்த இவ்வூரின் நில அமைப்பு, பழவேற்காட்டுப் பக்கத்தாருக்கு அயலாகத் தோன்றாது. 1645-இன் தொடக்கத்தில் அவ்வூர்த் தையற்காரர் ஒருவரின் மனைவி நோயுற்றாள். நோயின் காரணத்தை அறிய அவர் குறி சொல்லும் பெண் ஒருத்தியை நாடினார். அக்கம்பக்கத்தாரே தீங்கு செய்தனர் என்று அவள் குறிப்பாகக் கூறினாள். பழி எலிசபெத் கிளார்க் என்னும் மூதாட்டியின் மேல் விழுந்தது. அவளுக்கு ஒரு காலில்லை, பிழைக்க வழியில்லை, அவளுடைய தாயும் முன்பு சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்டவள்.

இவ்வழக்கில் தலையிட்டவன் மாத்யூ ஹாப்கின்ஸ். பாதிரியார் ஒருவரின் மகன். அப்போது அவனுக்கு வயது இருபதுகளில்தான் இருக்கும். ஜான் ஸ்டேர்ன் என்பவனும் அவனோடு சேர்ந்துகொண்டான். இங்கிலாந்தின் பொதுச் சட்டம் சித்திரவதையை ஏற்பதில்லை. எனவே உடலில் காயம் தோன்றாத முறைகளை அவர்கள் கையாண்டனர். குற்றஞ்சாட்டப்பட்டவளை ஓரிடத்தில் இருத்தி, இரவு பகலாக உறங்கவிடாது சூழ்ந்திருந்து காவல் காத்தனர். அவளுடைய ஏவற் பேய்கள் விலங்குருவில் அவளை நாடி வரும் என்பது அவர்கள் கொண்ட நம்பிக்கை. பல இரவு உறக்கமிழந்த மூதாட்டி எதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டாள்? எருதின் தலையும் வேட்டைநாயின் உடலும் கொண்ட ஒரு பேயைப் பற்றிய செய்திகூட விசாரணையில் சான்றாக எழுதப்பட்டது. உடலிலுள்ள மச்சமும் மருவும் பேய் பால் குடித்த அடையாளம் என்று கொள்ளப்பட்டன. சிலரைக் கட்டி நீரில் இட்டனர். மிதந்தால் சூனியக்காரி, மூழ்கினால் குற்றமற்றவள். இது ராம்கர்ச் சோதனைகளின் உடன்பிறப்பு அன்றோ?

எலிசபெத் கிளார்க் தன்னோடு பிறர் பெயரையும் சொன்னாள். அவர்கள் இன்னும் பலர் பெயரைச் சொன்னார்கள். பழி இங்ஙனம் வலைபோல் விரிந்தது. 1645 ஜூலையில் செம்ஸ்ஃபோர்டு நகரில் கூடிய நீதிமன்றம் விசாரித்த வழக்குகளால் 19 பெண்கள் தூக்குமேடை ஏறினர். ஆகஸ்டு 27-ஆம் நாளில் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரில் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஜான் லோஸ் என்னும் பாதிரியார்; எண்பது வயதை எட்டிய முதியவர். உறங்கவிடாது பல நாள் அலைக்கழித்து அவரிடம் ஒப்புதல் பெற்றனர். தமக்கு ஈமச்சடங்கு வாசிக்க வேறு பாதிரியார் வரமாட்டார் என்பதால், தூக்குமேடைக்குச் செல்கையில் அதைத் தாமே வாசித்துக்கொண்டார். ஊர்கள் ஹாப்கின்ஸை அழைத்தன; அழைத்ததற்குக் கூலியும் கொடுத்தன. ஸ்டோமார்க்கெட் என்னும் ஊர் கொடுத்தது 23 பவுன். மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் இறந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர் என மதிப்பிடுகின்றனர்.

இதற்குக் காரணங்கள் யாவை? ஒரு காரணத்தால் மட்டும் இத்தகைய பெருநிகழ்ச்சி எழுவதில்லை. முதலாவது, போர். 1642 முதல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வழக்கமாகச் சுற்றிவந்து வழக்கு விசாரிக்கும் நீதிபதிகளின் முறை குலைந்தது. செம்ஸ்ஃபோர்டு விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் சட்டம் பயின்ற நீதிபதி அல்லர். வார்விக் பிரபு என்னும் படைத்தலைவர். சான்றை நிறுத்துப் பார்க்கும் பழக்கமுடையவர் இல்லாத இடத்தில் அச்சமே நீதிபதியாயிற்று.

இரண்டாவது, சமயப் பூசல். சைத்தான் நாட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்ற எண்ணம் இரு தரப்பாரிடமும் மேலோங்கியிருந்தது. போர்க்களத்துப் பகைவனைச் சைத்தானின் ஆள் என்று கருதியவர்கள், தம் தெருவிலும் சைத்தானின் ஆட்களைத் தேடத் தலைப்பட்டனர்.

மூன்றாவது காரணம் நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து வழக்கேடுகளை ஆலன் மக்ஃபர்லேன் என்னும் அறிஞர் ஊர் ஊராக ஆராய்ந்து 1970-இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் கீத் தாமஸ் என்னும் வரலாற்றாசிரியரும் இதே கருத்தை விரித்து எழுதினார். பல வழக்குகளில் நிகழ்ச்சி ஒரே வகையாகத் தொடங்குவதை அவர்கள் கண்டனர். வறிய மூதாட்டி ஒருத்தி அண்டை வீட்டில் மோரோ, மாவோ, ஈஸ்டோ கேட்கின்றாள். வீட்டார் இல்லையென்று அனுப்பிவிடுகின்றனர். அவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே செல்கின்றாள். சில நாட்களில் அவ்வீட்டுக் குழந்தை நோயுறுகின்றது. அல்லது பசு இறக்கின்றது. இல்லையென்று சொன்னவரின் நெஞ்சு தன்னையே உறுத்துகின்றது. அவ்வுறுத்தலைத் தாங்கமாட்டாத நெஞ்சு, 'அவள் சபித்துவிட்டாள்' என்று பழியை அவள்மேல் ஏற்றிவிட்டு அமைதி அடைகின்றது.

வறியோரைப் பேணுவது அண்டை வீட்டாரின் கடமை என்ற பழைய அறம் தளர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1601-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வறியோரைக் காக்கும் பொறுப்பு ஊர்வரியின்மேல் விழுந்தது. வரியும் கொடுத்துவிட்டு, வாயிலில் வந்து நிற்பவளுக்கும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கருதியவர் பலர். ஆயினும் கொடாமை பாவம் என்ற எண்ணமும் மறையவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மனப்போராட்டத்தில் சூனியக்காரி பிறந்தாள். இக்கருத்து எல்லா வழக்குகளுக்கும் பொருந்தாது என்று பின்வந்த அறிஞர் சிலர் மறுத்துள்ளனர். ஆயினும் பல வழக்குகளின் தொடக்கத்தை இது நன்கு விளக்குகின்றது என்பதில் ஐயமில்லை.

துன்பமே வேட்டைக்குப் போதிய காரணமாகுமா என்று நீங்கள் வினவலாம். அதற்கு விடை காண நம் கரைக்கே திரும்புவோம். ஹாப்கின்ஸ் ஊர் ஊராகத் திரிந்த அதே காலத்தில், 1646-47-இல், சோழமண்டலக் கரையைக் கடும் பஞ்சம் வாட்டியது. விசயநகர அரசின் எச்சம் சிதைந்து, கோல்கொண்டாவின் படைகள் தெற்கே இறங்கிய நேரம் அது. மழை பொய்த்தது, போர் வயல்களை அழித்தது. பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டி அமர்ந்திருந்த டச்சுக்காரர், கரையோரத்தில் பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களை வாங்கி அடிமைகளாகப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினர். ஆகவே போரும் பஞ்சமும் எஸ்ஸெக்ஸை விட இங்கே குறைந்திருக்கவில்லை. எஸ்ஸெக்ஸிலோ, துன்பத்தோடு வேறு மூன்றும் சேர்ந்திருந்தன: சூனியத்தைக் கொலைக்குற்றமாக்கிய சட்டம், விடுவிக்க வழியில்லாத சோதனை, கூலிக்குக் குற்றவாளியைத் தேடித்தரும் ஆள். இம்மூன்றும் கூடியபோதுதான் துன்பம் வேட்டையாக மாறியது. நம் கரையில் அத்தகைய வேட்டை நீதிமன்றம் ஏறவில்லை என்று நாம் பெருமை கொள்வதற்கும் இடமில்லை. பசித்த மனிதனைச் சரக்காகக் கணக்கெழுதிய கொடுமை நம் கரையில் நடந்தது. ஒவ்வொரு கரைக்கும் அதனதன் கொடுமை உண்டு என்பதே வரலாறு நமக்குக் கற்பிக்கும் பணிவு.

இங்கிலாந்தில் வேட்டை எங்ஙனம் அடங்கியது? முதலில் மறுப்பைத் துணிந்து கூறியவர் சிலர் இருந்தனர். கென்ட் மாவட்டத்து ரெஜினால்டு ஸ்காட் 1584-இலேயே சூனிய நம்பிக்கையைக் கண்டித்து ஒரு நூல் எழுதியிருந்தார். 1646-இல் ஜான் கால் என்னும் பாதிரியார், ஹாப்கின்ஸ் தம் பகுதிக்கு வரக்கூடும் என்று அறிந்து, அவனுடைய முறைகளைக் கண்டித்துப் பேசியும் எழுதியும் எதிர்த்தார். சுருங்கிய முகமும் கிழடு தட்டிய குரலும் உடைய ஒவ்வொரு மூதாட்டியையும் சூனியக்காரி என்பது தகாது என்பது அவர் வாதத்தின் சாரம். நீதிபதிகளும் ஹாப்கின்ஸின் கூலியையும் முறையையும் பற்றி வினாக்கள் எழுப்பினர். 1647-இல் அவன் நோயுற்று இறந்தான். அவனையே நீரில் இட்டுச் சோதித்துக் கொன்றார்கள் என்றொரு கதை வழங்குகின்றது, அது கதையே. வரலாறு நமக்குப் பிடித்த முடிவைத் தரும் கடமைப்பட்டதன்று.

பின்னர் நீதிபதிகள் மெய்ப்பிக்கத்தக்க சான்று கேட்கத் தலைப்பட்டனர். 1712-இல் ஜேன் வென்ஹாம் என்பவளைக் குற்றவாளி என்று நடுவர்குழு கூறியபோதும், நீதிபதி முயன்று அவளுக்கு மன்னிப்புப் பெற்றுத் தந்தார். 1736-இல் பழைய சட்டம் நீக்கப்பட்டது. அதன்பின் சூனியம் செய்ததாகக் கூறி எவரையும் நீதிமன்றம் தூக்கிலிட இயலாது. ஆயினும் சட்டம் மாறிய அன்றே மனம் மாறிவிடவில்லை. 1751-இல் ஹெர்ட்ஃபோர்டு மாவட்டத்தில் டிரிங் என்னும் ஊரருகே ஒரு கும்பல், ரூத் ஆஸ்பர்ன் என்னும் மூதாட்டியை நீரில் இட்டுச் சோதித்தது, அவள் இறந்தாள். இம்முறை தூக்குமேடை ஏறியவன் கும்பலின் தலைவன் தாமஸ் காலி. நூறாண்டுக்கு முன் அரசு யாருக்குத் துணை நின்றது, இப்போது யாருக்குத் துணை நின்றது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வொப்பீட்டிலேயே அந்நாட்டு வேட்டையின் முடிவு அடங்கியிருக்கின்றது.

இனி மீண்டும் சோட்டா நாகபுரிக்கு வருவோம். அங்கே வரலாறு வேறு வழியில் சென்றது. இங்கிலாந்தில் வேட்டைக்குச் சட்டமே வாளாயிருந்தது. இங்கோ அயலார் ஆட்சி, சட்டத்தால் அதைத் தடுக்க முயன்றது. ஹோ மக்கள் வாழும் கோல்கான் பகுதி 1837-இல் ஆங்கிலேயரின் நேராட்சிக்குள் வந்தது. அதன்பின் சூனியக்காரி என்று கூறிக் கொல்வோர் தண்டிக்கப்பட்டனர். வெளித்தோற்றத்தில் கொலைகள் குறைந்தன. ஊர் மக்களோ வேறு வகையாக எண்ணினர். 'நம்மைத் துன்புறுத்தும் சூனியக்காரர்களுக்கு இவ்வரசு காவலாக நிற்கின்றது' என்பது அவர்கள் உட்கிடக்கை. ஐயம் கொலையாகாமல் தடுக்கப்பட்டதேயன்றி, ஐயம் தீர்க்கப்படவில்லை.

1857-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது சாய்பாசாவிலிருந்த சிப்பாய்கள் எழுச்சி கொண்டனர். சிங்பூம் மாவட்டத்தில் அதிகாரிகளின் ஆட்சி சில காலம் இல்லாது போயிற்று. அந்த இடைவெளியில், முந்தைய இருபதாண்டுகளாக ஐயப்பட்டோர் பலர் கொல்லப்பட்டனர் என்று கர்னல் டால்டன் 1872-இல் வெளியான தம் நூலில் எழுதுகின்றார். மூத்தோர் கூடி இளைஞரை அச்செயலுக்கு ஏவினர் என்றும், ஆண் பெண் வேறுபாடோ வயது வேறுபாடோ நோக்கப்படவில்லை என்றும் அவர் குறிக்கின்றார். இருபதாண்டு மூடியிருந்த பானை, மூடி நீங்கியதும் பொங்கியதுபோல் ஆயிற்று. ஆட்சியாளர் எழுதிய குறிப்பைப் படிக்கையில் நாம் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். தம் ஆட்சியின் தேவையை நிறுவ அவர்கள் விரும்பியிருக்கக்கூடும். ஆயினும் தடை நீங்கியதும் கொலை மீண்டது என்ற செய்தி, தம் ஆட்சி இருபதாண்டில் செய்யத் தவறியதையும் உடன் காட்டிவிடுகின்றது.

தண்டனைக்குப் பின் அம்மூடநம்பிக்கை மறைந்து வருகின்றது என்று டால்டன் நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் இரவில், ராஞ்சி மாவட்டம் மாண்டர் பகுதியிலுள்ள கஞ்சியா என்னும் ஊரில் ஐந்து பெண்கள் வீட்டிலிருந்து இழுத்துவரப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டனர். ஊரில் நேர்ந்த நோய்க்கும் சாவுக்கும் அவர்களே காரணம் என்பது பழி. 1792-இல் ஐவர், 2015-இல் ஐவர். இடையே 223 ஆண்டுகள். அரசுகள் மாறின, சாலையும் மின்விளக்கும் வந்தன. 'யாரால்?' என்ற வினா மட்டும் மாறவில்லை.

சட்டம் இல்லாமலா இது நேர்ந்தது? அன்று. பீகார் 1999-இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது; ஜார்க்கண்டு 2001-இல் அதை ஏற்றது. சத்தீஸ்கர் 2005-இலும், ஒடிசா 2013-இலும், ராஜஸ்தான் 2015-இலும் சட்டம் செய்தன. அசாம் சட்டமன்றம் 2015-இல் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2018-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. சட்டம் கட்டாயம் வேண்டும். டிரிங் ஊர்க் கதை அதை மெய்ப்பிக்கின்றது. சட்டம் மட்டும் போதாது; சிங்பூமின் கதை அதை மெய்ப்பிக்கின்றது.

பழி ஏன் குறிப்பிட்ட சிலர்மேலேயே விழுகின்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும். சந்தால் மக்களின் பழைய வழக்கில், கணவனை இழந்த பெண்ணுக்கு அவள் வாழ்நாள்வரை கணவன் நிலத்தைத் துய்க்கும் உரிமை உண்டு. அவளுக்குப் பின் நிலம் கணவனின் ஆண் உறவினரைச் சேரும். அவ்வுறவினருக்கு அவள் வாழ்நாள் நீண்டதாகவே தோன்றுவதில் வியப்பில்லை. கோவிந்த் கேல்க்கரும் தேவ் நாதனும் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இந்நில உரிமைக்கும் சூனியக்காரிப் பழிக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். நோயுற்றவனுக்கு மருத்துவர் எட்டாத தொலைவில் இருக்க, குறி சொல்லும் ஓஜா அடுத்த தெருவில் இருக்கின்றான். மருத்துவர் 'எதனால்' என்பதைச் சொல்வார். ஓஜா 'யாரால்' என்பதைச் சொல்வான். எவர் அருகில் இருக்கின்றாரோ அவர் சொல்லே ஊரில் நிலைக்கும். மானிங்ட்ரீத் தையற்காரர் முதலில் யாரை நாடினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியாயின் ஊரார் செய்யத்தக்கது என்ன? பொறாமையும் இழப்பும் இல்லாத ஊர் உலகில் இல்லை. அவை ஐயமாகத் திரளுமுன் அவற்றைத் தீர்க்க ஊர் ஏதேனும் முறை வகுத்திருக்கின்றதா என்பதே கேள்வி. இதற்குப் பழவேற்காட்டு மீனவர்களின் 'பாடு' முறையை ஓர் எடுத்துக்காட்டாகக் கூறலாம். பாடு என்னும் சொல் நம் மொழியில் உழைப்பையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும், வலையில் விழும் மீனைக் குறித்து 'மீன்பாடு' என்றும் வழங்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள், ஏரியில் வலை கட்டுவதற்குரிய இடங்களைத் தம்முள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கும் அதுவே பெயர். மீன் மிகுதியாகப் படும் இடம் என்றும் ஒருவருக்கே உரியதாகாது. சீட்டும் சுற்றுமுறையும் கொண்டு இடங்கள் கைமாறும். இன்று நல்ல துறை உனக்கு. நாளை அது எனக்கு.

இம்முறையின் பொருளியல் பயனை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். அதன் மனப்பயனையும் நாம் எண்ணிப் பார்த்தல் தகும். 'அவனுக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை?' என்ற வினாவுக்கு, 'இன்று அவன் முறை' என்ற வெளிப்படையான விடை அங்கே உண்டு. எல்லார் முன்னிலையிலும் முடிவான பங்கீட்டில், மறைவான கையைத் தேட வேண்டிய தேவை குறைகின்றது. எஸ்ஸெக்ஸில் கதவை அடைத்தவனை உறுத்திய நெஞ்சுக்கு இத்தகைய ஊர்முறை ஒன்று துணை நின்றிருந்தால், மோர் கேட்டு வந்த மூதாட்டி தூக்குமேடைவரை சென்றிருப்பாளா என்று எண்ணத் தோன்றுகின்றது.

இதனால் பாடு முறை குறையற்றது என்று கூறுவதாகக் கொள்ளவேண்டா. முறைக்குள் இருப்போருக்கே அதன் நீதி கிட்டும். பாட்டு உரிமை இல்லாத பிற ஊரினரும் பிற குடியினரும் அதே ஏரியை நம்பி வாழ்கின்றனர்; அவர்களுக்கும் உரிமையுடைய ஊர்களுக்கும் இடையே பூசல்கள் எழுந்ததுண்டு. முகத்துவாரம் மணலால் அடைபட்டு மீன்வளம் குறையும் காலங்களில் அப்பூசல் முற்றும். பங்கீட்டின் வட்டம் எவ்வளவு அகலமோ, அவ்வளவே அமைதியின் வட்டமும் அகலும். வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின்மேல்தான் எந்நாட்டிலும் பழி எளிதாக விழுகின்றது. மானிங்ட்ரீயில் அவள் காலிழந்த மூதாட்டி. சந்தால் ஊரில் அவள் நிலமுடைய கைம்பெண்.

வட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களே திரும்பி வந்து ஊரைத் திருத்திய வரலாறும் உண்டு. முன்னாளில் சிங்பூம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சராய்கேலா பகுதியில் சுட்னி மகதோ என்னும் பெண்மணி 1995-இல் சூனியக்காரி என்று பழிக்கப்பட்டு, துன்புறுத்தப்பட்டு, ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. அவர் பின்னர் தம்மைப்போல் பழிக்கப்பட்ட பெண்களைக் காப்பதையே தம் தொண்டாகக் கொண்டார். அசாமில் பீருபாலா ராபா என்னும் பெண்மணி ஊர் ஊராகச் சென்று இந்நம்பிக்கையை எதிர்த்துப் பேசினார். இருவருக்கும் 2021-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பீருபாலா 2024-இல் மறைந்தார். 1646-இல் ஜான் கால் செய்த பணியையே, பள்ளிப்படிப்பை முழுதும் பெறாத இவ்விரு பெண்மணிகளும் அவரைவிடக் கடினமான நிலையில் நின்று செய்தனர் என்பேன்.

மாணவர்களே, சூனியக்காரி வேட்டையின் வரலாற்றைப் படிப்பதன் பயன், முன்னோரை இகழ்வதும் அன்று. பிற குடியினரைத் தாழ்வாகக் கருதுவதும் அன்று. ஒரு பழி உங்கள் செவிக்கு எட்டும்போது நீங்கள் கேட்கவேண்டிய வினாக்களை அது கற்பிக்கின்றது. இந்தத் துன்பம் எதனால் நேர்ந்தது? யார்மேல் பழி கூறப்படுகின்றது? அவர் வீழ்ந்தால் பயன் அடைவோர் யார்? அவர் குற்றமற்றவராயின் அதை மெய்ப்பிக்க வழி விடப்பட்டிருக்கின்றதா? இறுதி வினாவுக்கு 'இல்லை' என்பது விடையாயின், அது விசாரணை அன்று, வேட்டையே என்று அறிந்துகொள்ளுங்கள். பழிக்கப்பட்டவளுக்குப் பெயர் சூனியக்காரியாக இருக்கவேண்டும் என்பதில்லை. வகுப்பறையில் காணாமற்போன ஒரு பேனாவுக்கும் இதே வினாக்கள் பொருந்தும்.

பயிர் ஏன் கருகியது, குழந்தைக்கு ஏன் காய்ச்சல் கண்டது, ஏரியில் மீன் ஏன் குறைந்தது என்பவற்றை அளந்து, எழுதி, ஒப்பிட்டு அறியும் பயிற்சியை உங்களுக்கு அளிக்கவே பள்ளிகள் இருக்கின்றன. அப்பயிற்சி தேர்வோடு முடிவதன்று. உங்கள் தெருவில் எவரேனும் 'யாரால்?' என்று கேட்கும் நாளில், அஞ்சாது முன்வந்து 'எதனால் என்று முதலில் பார்ப்போம்' என்று கூறுங்கள். எலிசபெத் கிளார்க்குக்காக அச்சொல்லைக் கூற மானிங்ட்ரீயில் ஒருவர் தலைப்பட்டிருந்தால், அந்த ஜூலை மாதத்து விசாரணை வேறு வகையாக முடிந்திருக்கக்கூடும்.